இலையை உள்பக்கம் மடிப்பவர்கள்

"கிளினிக் எப்படி இருக்கு?" என்று எங்கள் தமிழ் ஆட்களைக் கேட்டால் ஒரே பதில்தான் வரும். "நல்லா இருக்கு லா." அதற்கு மேல் ஒரு சொல் பெயராது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மருமகள் சமையல் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், அரை நாள் உட்கார வைத்துச் சொல்வார்கள். கிளினிக் என்றால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

அப்போது என் பிழைப்பே அந்தக் கேள்வியைக் கேட்பதுதான். பல வருஷம் தனியார் மருத்துவமனையில் தாதியாக இருந்து, இடுப்பு ஒத்துழைக்காததால் வார்டு வேலையை விட்டிருந்தேன். பினாங்கில் அரசாங்கக் கிளினிக்குகளில் என்னென்ன வசதி இருக்கிறது, வருகிறவர்கள் மனநிறைவோடு போகிறார்களா என்று பார்க்க ஒரு குழு போட்டார்கள். தமிழும் மலாயும் பேசுகிற, கிளினிக் வேலை தெரிந்த ஆள் வேண்டுமென்று என்னை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். குழுத் தலைவர் ஒரு டாக்டர். தமிழர்தான், என்னைவிட இளையவர், நல்ல மனிதர், ஆனால் எதையும் அட்டவணையில் போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். என்னோடு கேள்வி கேட்க ஒரு சின்னப் பெண் வந்தாள். அப்போதுதான் படிப்பை முடித்தவள், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். ஜார்ஜ்டவுனில் எங்களுக்கு விழுந்தது ஒரு பழைய கிளினிக்.

வேலை இரண்டு பாகம். முதலில் அறை அறையாகப் போய் வசதிகளைப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தக் கருவி இருக்கிறதா, இருக்கிறது. புண்ணுக்குக் கட்டுப்போடும் அறை இருக்கிறதா, இருக்கிறது. அதில் கட்டில், இருக்கிறது. தாதி, இருக்கிறாள். எல்லாவற்றுக்கும் ஒரு டிக். இரண்டாம் பாகம் மனநிறைவு. மருந்து கொடுக்கும் கவுண்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மருந்துப் பையோடு வெளியே போகிறவர்களைப் பிடித்து, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மார்க் போடச் சொல்ல வேண்டும்.

எல்லாரும் ஐந்து போட்டார்கள். காலையில் நம்பர் எடுத்து மதியம் வரை காத்துக் கிடந்து, கழுத்து வலியோடு வெளியே வந்தவரும் ஐந்துதான். எனக்கு எரிச்சலாக வந்தது. "ஐயா, இவ்வளவு நேரம் உட்கார்ந்தீங்களே, அதுக்குமா அஞ்சு?" என்று ஒரு பெரியவரிடம் கேட்டே விட்டேன். அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஒரே ஒரு வெள்ளிக் காசுக்கு டாக்டரும் பாத்து மருந்தும் குடுக்கிறாங்க. தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாப்பாங்களாம்மா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் கூடப்பிறந்த அக்காவும் அந்தக் கிளினிக்குக்குத்தான் வருவாள். பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு ஷிஃப்ட் வேலை. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து பல வருஷமாகிறது. மாத மருந்து வாங்க அன்று வந்திருந்தாள். சொந்தக்காரர்களிடம் நாமே கேள்வி கேட்கக் கூடாது என்பது விதி, அதனால் சின்னப் பெண் கேட்டாள். நான் தள்ளி நின்றேன். அக்கா அத்தனைக்கும் ஐந்து போட்டாள். போதாததற்கு, "இங்க மிஸிங்க எல்லாம் தங்கம், எழுதிக்கோ மா," என்று ஒரு சான்றிதழும் கொடுத்தாள். எங்கள் பக்கம் தாதிகளை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

மதியம் அவளை என் காடியில் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். கதவைச் சாத்தியதும் ஒரு வாடை அடித்தது. தாதியாக இருந்தவளுக்கு அந்த வாடையை யாரும் விளக்க வேண்டியதில்லை. "காலைக் காட்டு," என்றேன். "சும்மா இரு, பசிக்குது," என்றாள். நான் காடியை எடுக்கவில்லை. சாவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கடைசியில் செருப்பைக் கழற்றினாள். வலது கால் சுண்டுவிரலைச் சுற்றித் தலையணை உறைத் துணியைக் கிழித்துக் கட்டியிருந்தாள். கட்டு மஞ்சளாகியிருந்தது.

"யார் கட்டுனது இது?"

"நான்தான். சேஃப்டி ஷூ கடிச்சுப் புண்ணாயிருச்சு. தினம் கட்டு மாத்தணும், காயாம இருந்தா விரலை எடுக்க வேண்டி வரும்னு டாக்டர் போன தடவையே சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏன்டி கிளினிக்ல மாத்தலே?"

அவள் சொன்னதை இங்கே சுருக்கிச் சொல்கிறேன். கட்டுப்போடும் அறையில் தாதி ஒருத்திதான். காலையில் கொஞ்சம் நம்பர் கொடுப்பார்கள், மதியத்தோடு அவள் அறையைச் சாத்திவிட்டுக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப் போய்விடுவாள். அக்காவுக்கு இரவு ஷிஃப்ட் என்றால் விடிந்துதான் முடியும். ஃபேக்டரி பஸ் நெரிசலில் ஊர்ந்து வந்து இறக்கிவிடும்போது நம்பர் தீர்ந்திருக்கும், அன்றும் அப்படித்தான். பகல் ஷிஃப்ட் என்றால் அவள் வரும்போது கதவு சாத்தியிருக்கும். எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, எடுத்தால் மாத அலவன்ஸ் போய்விடும். வந்து வந்து திரும்பிப் போனவள், ஒருநாள் தானே கட்டத் தொடங்கிவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. "இவ்வளவு நடந்திருக்கு, நீ அஞ்சு போட்டிருக்கே! பக்கத்துல நானும் நின்னேன்!"

"வேற என்ன போடச் சொல்றே? அந்த மிஸி பாவம், ஒத்த ஆளா நின்னு சாகுது. குறைன்னு எழுதினா அது தலையிலதானே விழும்? அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?"

கடையில் இலை போட்டார்கள். அன்றைக்கு ரசம் வெறும் புளித்தண்ணீர், கோழிக் கறியில் உப்பே இல்லை. அக்கா பாதிச் சோற்றை அப்படியே ஒதுக்கி வைத்தாள். கடைக்காரர் வந்து, "எப்படிக்கா சாப்பாடு?" என்றார். "நல்லா இருக்கு அண்ணே," என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே மீந்த சோற்றின் மேல் இலையைத் தன் பக்கமாக மடித்தாள்.

இலையை நம் பக்கம் மடித்தால் சாப்பாடு நிறைவு, மறுபடியும் வருவோம் என்று அர்த்தம். வெளிப்பக்கம் மடிப்பது துக்க வீட்டில்தான். அதனாலேயே வாயில் வைக்க விளங்காத சாப்பாடாக இருந்தாலும் எங்கள் ஆட்கள் ஒருவரும் வெளிப்பக்கம் மடிக்க மாட்டார்கள். அடுத்தவர் வீட்டுக்கோ கடைக்கோ அமங்கலத்தை நாம் ஏன் கொண்டு போக வேண்டும் என்ற நினைப்பு. எனக்கும் அந்தக் கைப்பழக்கம் உண்டு. அன்றைக்கு மடித்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் கிளினிக்கில் எண்ணிக்கொண்டிருந்தது இதைத்தான், மடிப்பை. உள்ளே எவ்வளவு சோறு மீந்திருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கவில்லை. இன்னொன்றும் உறைத்தது. பந்தியில் உட்கார்ந்து எழுந்தவர்களைத்தான் கேட்டோம். பந்தியில் இடமில்லாமல் வாசலோடு திரும்பியவர்களை நாங்கள் பார்க்கவே இல்லை. மருந்துக் கவுண்டர் வரைக்கும் அவர்கள் வந்தால்தானே?

சாப்பிட்டதும் மருந்துக் கடையில் சுத்தமான கட்டுத்துணி வாங்கி நானே கட்டினேன். "இனிமே தினமும் நான் வந்து கட்டுறேன்," என்றேன். "நீ வேலைக்குப் போறியா, எனக்கு வேலைக்காரியா இருக்கப் போறியா?" என்று சிரித்தாள். அவள் ஷிஃப்டும் என் வேலையும் ஒத்துப்போன நாட்களில் கட்டினேன். மற்ற நாட்களில் அவளேதான்.

அந்த வாரக் கூட்டத்தில் குழுத் தலைவர் மலர்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் கிளினிக்கில் வசதிகள் போதுமானவை, மனநிறைவு மிக உயர்வு. கட்டுப்போட இன்னொரு தாதி கொடுக்க ஒரே ஓர் இடத்தைத்தான் பரிந்துரைக்க முடியும், அது பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் உள்ள கிளினிக்குக்குப் போகட்டும், அங்கே நிறையப் பேர் குறை சொல்லியிருக்கிறார்கள் என்றார். அழுத பிள்ளைக்குத்தான் பால். அந்தப் பக்கத்து ஆட்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, அழத் தெரிந்தவர்கள் அழுதார்கள். அழத் தெரியாத என் அக்காவின் விரல் என்னாவது?

"சார், இது முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வேலை," என்றேன்.

அவர் முகம் மாறியது. "நாம எதையும் மறைக்கலையே சிஸ்டர். அவங்க சொன்னதைத்தானே போட்டிருக்கோம்."

"கட்டுப்போடுற அறைக்கு டிக் போட்டிருக்கோம். அது எத்தனை மணிக்குச் சாத்துதுன்னு நாம எழுதினோமா? தாதி இருக்கான்னு டிக் போட்டோம். மத்தியானம் அவ எங்க இருக்கான்னு கேட்டோமா?"

நான் அக்காவைப் பற்றியும் சொன்னேன், மறைக்கவில்லை. அவர் பேனாவை மூடி வைத்தார். "உங்க அக்கா ஒருத்தருக்காக நான் அறிக்கையை மாத்தினா, நாளைக்கு இந்த அறிக்கைய எவன் நம்புவான்?" அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"அறிக்கையை மாத்த வேணாம் சார். என் நாற்காலியை மாத்துங்க. மருந்துக் கவுண்டர்ல இருந்து எடுத்து வாசல்ல போடுறேன். நல்லா இருக்கா இல்லையான்னு யாரையும் கேக்க மாட்டேன். எதுக்கு வந்தீங்க, அது நடந்துச்சா, அவ்வளவுதான் கேள்வி. எங்க ஆளுங்க குறை சொல்ல மாட்டாங்க, ஆனா பொய் சொல்ல மாட்டாங்க."

 அவர் ஒரு வாரம் கொடுத்தார். ஒரு வாரத்தில் ஒன்றும் கிடைக்காவிட்டால் அறிக்கை அப்படியே போகும் என்றும் சொன்னார்.

வாசலில் வெயில் கொளுத்தியது. மோட்டார் நிறுத்தும் கொட்டகை ஓரமாக நானும் சின்னப் பெண்ணும் உட்கார்ந்தோம். முதல் நாளே தெரிந்துவிட்டது. தொழிற்சாலைச் சீருடையோடு வந்து, கட்டுப்போடும் அறையின் சாத்திய கதவைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் திரும்புகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களும் குறை சொல்லவில்லை. "பரவாயில்லமா, நாளைக்கு வர்றேன்," என்றார் ஒருவர். முழங்கையில் எண்ணெய் சுட்ட புண். "எதுக்கு வந்தீங்க அண்ணே?" "கட்டு மாத்த." "நடந்துச்சா?" "இல்ல." அவ்வளவுதான். வருத்தமும் இல்லை, புகாரும் இல்லை. நாங்கள் எழுதிக்கொண்டோம். சீனரும் மலாய்க்காரரும் கூட அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். இலை மடிப்பது நாங்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், மற்றவர்களுக்கும் ஏதோ ஒரு மடிப்பு இருக்கிறது.

மூன்றாம் நாள் அந்த அறையின் தாதி என்னைத் தேடி வந்தாள். மலாய்க்காரப் பெண், முப்பது வயதிருக்கும். முகம் சிவந்திருந்தது. தன்னை மாட்டிவிடத்தான் வாசலில் உட்கார்ந்திருக்கிறேனா என்று மலாயில் கேட்டாள். நானும் கோபம் வரும் ஆள்தான், ஆனால் அவள் கையில் பாதி தின்ற ரொட்டி இருந்ததைப் பார்த்தேன். அதுதான் அவள் மதியச் சாப்பாடு, நின்றபடியே. "உன்னை இல்லை, உனக்கு இன்னொரு ஆள் வேணும்னு எழுதத்தான் உட்கார்ந்திருக்கேன்," என்று மலாயில் சொன்னேன். அவள் நம்பவில்லை. மேலதிகாரி கேட்கும்போதெல்லாம் சமாளித்துக்கொள்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறாளாம். முடியவில்லை என்று சொன்னால் வேலை தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களே என்று பயம். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. ஐயோ, இவளுமா இலையை உள்ளே மடித்தாள் என்று நினைத்தேன்.

வாரத்தின் கடைசி நாள் அக்கா வந்தாள். பகல் ஷிஃப்ட் முடித்து, சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். வழக்கம்போலக் கதவு சாத்தியிருந்தது. திரும்பி வாசலுக்கு வந்தவள் எங்களைப் பார்த்துவிட்டு நின்றாள். விந்தி விந்தி நடந்தாள். நான் கேட்கக் கூடாது. சின்னப் பெண்தான் எழுந்தாள்.

"ஆன்ட்டி, இன்னைக்கு எதுக்கு வந்தீங்க?"

"கட்டு மாத்த."

"நடந்துச்சா?"

அக்கா சாத்திய கதவைப் பார்த்தாள். ஊசி அறையில் குழந்தைகள் வீறிட்டு அழும் சத்தம் கேட்டது, தாதி ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு வாயைத் திறக்க வேண்டும் போல இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். கோபமோ அழுகையோ, ஏதோ ஒன்று அவள் முகத்தில் வந்து போனது.

"நடக்கலே மா," என்றாள். "ஒரு தடவையும் நடக்கலே. எழுது. அன்னைக்கு அஞ்சு போட்டேன்ல, அதை அடி. எனக்குக் கால் வலி தாங்கலே."

அங்கேயே படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். நான் முந்தின நாள் கட்டிய கட்டு நனைந்திருந்தது. விரல் கறுத்திருந்தது. முந்தின நாள் அப்படி இல்லை. நான் போட்ட சத்தத்தில் தாதி வெளியே ஓடி வந்தாள். காலைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்துச் சாத்திய கதவைத் திறந்தாள். ஊசிக்கு வந்த தாய்மார்கள் குழந்தைகளோடு எட்டிப் பார்த்தார்கள், ஒருத்தி கூட எனக்கு நேரமாகிறது என்று சொல்லவில்லை. புண்ணைக் கழுவி, டாக்டரைக் கூப்பிட்டு, ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு ஏற்றிவிடும்வரை அவள் அக்காவின் கையை விடவில்லை.

விரலைக் காப்பாற்ற முடியவில்லை. மறுநாள் காலையிலேயே அதை எடுத்துவிட்டார்கள். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் அறுவை செய்த டாக்டர். மருத்துவமனை நடைபாதையில் நின்று வாய்விட்டு அழுதேன். அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, நேராகக் குழுத் தலைவரிடம் போனேன். வாசலில் எழுதிய தாள்களை எல்லாம் மேசையில் வைத்தேன். அக்காவின் பதிலை மட்டும் தனியே எடுத்து, "இதை வேணும்னா எடுத்துருங்க சார், சொந்தக்காரங்க கணக்கு வேணாம். மீதி எல்லாம் வேற ஆளுங்க," என்றேன். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாம் ஒரே மாதிரிதான். கட்டு மாத்த வந்தேன், நடக்கவில்லை.

அவர் அக்காவின் தாளையும் மற்றவற்றோடு சேர்த்து வைத்தார். "இதுவும் இருக்கட்டும் சிஸ்டர்," என்றார். அந்த மனிதரை நான் மனசுக்குள் திட்டியதெல்லாம் போதும் என்று அன்றோடு நிறுத்திக்கொண்டேன். புது அறிக்கையில் "இருக்கிறது" என்ற இடத்தில் எல்லாம் "எப்போது திறந்திருக்கிறது" என்று ஒரு வரி சேர்த்தார். அதை மேலே கொண்டுபோய், கேள்விக்கு மேல் கேள்வி கேட்டவர்களிடம் உட்கார்ந்து வாதாடியதும் அவர்தான். நான் பக்கத்தில் இருந்து வாசலில் பார்த்ததைச் சொன்னேன். ஒரே நாளில் நடக்கவில்லை. அலைந்தோம், கடிதம் போட்டோம், மறுபடி அலைந்தோம். பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கிளினிக்குக்கும் ஆள் கிடைத்தது, எங்களுக்கும் கிடைத்தது. கட்டுப்போடும் அறை இப்போது சாயங்காலம் வரை திறந்திருக்கிறது, தாதிகள் இரண்டு பேர்.

போன மாதம் அக்காவோடு போயிருந்தேன். கால் ஆறிவிட்டது, மாதம் ஒரு தடவை காட்டினால் போதும். இப்போது இரவு ஷிஃப்ட் மட்டும் பார்க்கிறாள். பழைய தாதி அவளைக் கண்டதும் கக்கா, கக்கா என்று மலாயில் அக்கா முறை சொல்லிக்கொண்டு ஓடி வந்து காலைப் பார்த்து அனுப்பினாள். வெளியே வரும் வழியில் மருந்துக் கவுண்டர் பக்கம் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம் என்று மூன்று பொத்தான். போகிறவர்கள் எல்லாம் பழக்கதோஷத்தில் சிரிப்பதையே தட்டிவிட்டுப் போனார்கள். அக்கா நின்று, கண்ணாடியைச் சரிசெய்து பார்த்து, அழுகிற முகத்தை அழுத்தினாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவருகே நின்ற தாதியும் பார்த்துவிட்டாள், பாவம், முகம் வாடிவிட்டது. "அக்கா! இப்பதான் எல்லாம் நல்லா இருக்கே!"

"அந்தப் பொண்ணு நல்லாத்தான் பாத்துச்சு. அது வேற," என்று தாதியைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள். பிறகு கூடத்தைக் காட்டினாள். கையில் நம்பரோடு, காலில் கட்டோடு, வயதான சீன அம்மா ஒருத்தி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். "நாற்காலி பத்தலே. அவங்க கேக்க மாட்டாங்க, நான் கேக்குறேன்."

நான் அவளையே பார்த்தேன்.

"என்னடி பாக்குறே? விரல் போனப்புறம்தான் எனக்கு வாய் வந்துச்சு," என்றாள். "நட, ஃபேக்டரி பஸ் போயிரும்."